தண்ணி தெளிவா இருந்தா காணுமோ?

பார உலோகம் எண்டு கதை வந்தாலே எங்கட ஆக்கள் முதல் கேக்கிறது "தண்ணிய செக் பண்ணினவையோ" எண்டுதான். என்னைக் கேட்டா தண்ணியக் கடைசியாத்தான் கேக்கோணும். ஈயம், செம்பு, நாகம் (சிங்க்) எல்லாம் கனநேரம் கரைஞ்சு நிக்காது, களித் துணிக்கையோடயும் உக்கல்களோடயும் ஒட்டிக்கொண்டு கீழ சேத்தில போய் இருந்திடும். நீங்கள் போத்தலில அள்ளின நேரத்துக் கதையைத்தான் தண்ணி சொல்லும், மட்டி சிப்பி கடைசிக் கொஞ்ச மாசத்தச் சொல்லும், சேறு வருசக்கணக்கா கணக்கு வச்சிருக்கும்.

யாழ்ப்பாணப் பரவைக்கடல், அதுதான் எங்கட களப்பு, இதுக்கெண்டே செய்த மாதிரி. ஆழமில்லை, வருசம் முழுக்க ஓடுற ஆறுமில்லை, வழுக்கியாறு மாரியில வலிகாமத்துத் தோட்டத் தண்ணியையும் கொண்டு அராலிப் பக்கம் வந்து விழும், பொஸ்பேற் பசளையில கட்மியம் எண்ட பார உலோகம் இயற்கையாவே கொஞ்சம் கிடக்கும் எண்டதையும் நினைச்சுப் பாருங்கோ. கடலுக்குக் குறுக்கால றோட்டாப் போட்ட பண்ணை, பொன்னாலைத் தாம்போதிகளால நீரோட்டமும் தாராளமா இல்லை. பழைய பற்றரி, எரிச்ச குப்பை, வள்ளத்துக்கு அடிக்கிற செம்புப் பெயின்ற், வலையில கோக்கிற ஈயம் எல்லாம் சின்னச் சின்னதாத்தான் சேரும், ஆனா வந்தது லேசில திரும்பிப் போகாது.

காலை வச்சா புதையிற, கூழ்முட்டை மணக்கிற கறுத்த சேறு இருக்கெல்லோ, அதை எல்லாரும் அசிங்கம் எண்டு நினைக்கினம், உண்மையில அது ஒரு வகையில காவல்காரன். ஒக்சிசன் இல்லாத இடத்தில உருவாகிற சல்பைட் எண்ட கந்தகச் சேர்வை கட்மியத்தையும் ஈயத்தையும் பிடிச்சு வச்சிருக்கும். ஆழப்படுத்துறம் இறங்குதுறை வெட்டுறம் எண்டு அதைக் கிண்டி மேல போட்டா ஒக்சிசன் பட்டு கொஞ்சம் கொஞ்சமா உலோகம் திரும்பவும் தண்ணிக்க வரும், அதிலயும் கட்மியம் உப்புத்தண்ணியில இருக்கிற குளோரைட்டோட சேந்து கரைஞ்சே நிக்கும், எங்கட களப்பு கோடையில எவ்வளவு உப்பு எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதால தோண்ட முதல் சேத்தைச் சோதிக்கோணும், தோண்டிப்போட்டு தண்ணியச் சோதிக்கிறதில என்ன பிரயோசனம்?

சிப்பியை வச்சுக் கடலைக் கண்காணிக்கலாம் எண்டு 1975இலயே எட்வேர்ட் கோல்ட்பேர்க் எண்ட விஞ்ஞானி சொல்லிட்டார். ஒரு பெரிய சிப்பி நல்ல சூழலில நாளைக்கு 100 லீற்றருக்கு மேல தண்ணி வடிக்கும், வடிச்சதில வந்த உலோகத்தில கனக்க உடம்புக்க தங்கிடும். ஐரோப்பாவில ரெண்டு ஓடுள்ள மட்டி சிப்பிக்கு கிலோவுக்கு கட்மியம் 1 மில்லிகிராம், ஈயம் 1.5 மில்லிகிராம் எண்டு எல்லை வச்சிருக்கினம். ஆனா அது ஈர நிறைக்கு! ஆய்வு செய்யிற ஆக்கள் கனபேர் உலர் நிறைக்குத்தான் இலக்கம் போடுவினம், மட்டிச் சதையில பெரும்பகுதி தண்ணி எண்டதால அந்த இலக்கம் நாலஞ்சு மடங்கு பெரிசாத் தெரியும், உடன ஒராள் "விஷம்" எண்டு தலைப்புப் போட்டிடுவார். மற்றப் பக்கம், மணல் கரையில சேம்பிள் எடுத்துப்போட்டு "பிரச்சினை இல்லை" எண்டுவினம், மணல் உலோகத்தைப் பெரிசாப் பிடிக்காது, 63 மைக்ரோனுக்குக் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு) குறைஞ்ச நுண்களியைப் பிரிச்சுப் பாத்தாத்தான் ஒரு இடத்தை இன்னொரு இடத்தோட ஒப்பிடலாம். ரெண்டு கூட்டத்திலயும் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கட அடுப்படிக்கு வருவம். அவிச்சா கிருமி சாகும், உலோகம் சாகாது. மட்டியை ஒரு இரவு நல்ல கடல்தண்ணியில விட்டா மணல் கக்கும், கட்மியத்தைக் கக்காது. எங்கட சிறுநீரகத்தில போய் இருந்த கட்மியம் பாதியாக் குறையவே 10 தொடக்கம் 30 வருசம் செல்லும். நண்டில அது கூடச் சேருறது சதையில இல்லை, ஓட்டுக்குள்ள இருக்கிற மஞ்சள் பழுப்புக் களியில. அம்மம்மா அதை வழிச்சு ஒடியல் (காய்ஞ்ச பனங்கிழங்கு) கூழுக்க போடுவா, இப்ப நாங்கள் சின்னப் பிள்ளையளுக்கு வைக்கிற கூழுக்க அதைப் போடுறதில்லை, ருசி குறையுது எண்டு மாமா இன்னும் முறைக்கிறார்.