டைல்ஸுக்கு அடியில் இருந்த மூடி

2022 நவம்பர் கடைசி வாரம். இரவு ஒன்பதரை மணிக்குக் கூடுவாஞ்சேரியிலிருந்து போன் வந்தது. "அக்கா, பாத்ரூம்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது. மாடியில யாராவது குளிச்சா எங்க டாய்லெட்ல குடகுடன்னு சத்தம் வருது. இன்னைக்கு மேலயே வந்துடுச்சுக்கா." கீழ்வீட்டில் குடியிருக்கிற பெண். எட்டு மாதக் குழந்தை தவழ்கிற வீடு அது. நான் இருப்பது திருச்சியில். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, காலை முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

அந்த வீடு அப்பா 1997-ல் கட்டியது. கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு. அப்பா போன பிறகு இரண்டையும் வாடகைக்கு விட்டு, வருகிற பணத்தில் அம்மாவின் செலவைப் பார்த்துக்கொள்கிறோம். வாடகை மாதாமாதம் வந்துவிடும். குழாய் கசிந்தால், மோட்டார் கெட்டால் போனிலேயே பிளம்பருக்குச் சொல்லிவிடுவேன். செப்டிக் டேங்க் என்று ஒன்று இருப்பதே என் நினைவில் இல்லை. அது கடைசியாக எப்போது எடுக்கப்பட்டது என்று குடியிருப்பவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போய்ப் பார்த்தால் டேங்க் எங்கே இருக்கிறது என்பதே கேள்வியாகிவிட்டது. வாசலில் வண்டி நிறுத்துகிற இடம் முழுக்க டைல்ஸ். அப்பா பிற்பாடு போட்டது. மூடியோடு சேர்த்து மூடிவிட்டார்கள். அம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "துளசி மாடம் இருந்துச்சுல்ல, அதுலேர்ந்து தெருப்பக்கமா மூணடி. கொடிக்கம்பி கட்டுன தூண் நிழல் மத்தியானம் அது மேலதான் விழும்." துளசி மாடம் இப்போது இல்லை, தூண் இருக்கிறது. கொத்தனார் ஒருவரை அழைத்து வந்து நான்கு டைல்ஸை உடைத்தோம். ஐந்தாவதை உடைத்தபோது சுத்தியல் சத்தம் மாறியது. அதுதான் ஸ்லாப்.

மூடியை நகர்த்தியதும் கொத்தனார் எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னார். பீடி பற்றவைக்கப் போன பக்கத்து வீட்டுக்காரரையும் அதட்டினார். உள்ளே மீத்தேன் இருக்கும், அது தீப்பிடிக்கும். அரைமணி நேரம் திறந்து போட்டுவிட்டுத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தோம். விளிம்பு வரை நிறைந்து, மேலே ஒரு முழத்துக்கு ஏடு கட்டி இறுகிக் கிடந்தது.

தெருமுனைச் சுவரில் எழுதியிருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். மத்தியானம் லாரி வந்தது. ஒரு லோடுக்கு 1,800 ரூபாய் பேச்சு. டிரைவரும் இன்னொருவரும். குழாயை உள்ளே விட்டு உறிஞ்ச ஆரம்பித்தார்கள். தண்ணீரெல்லாம் போன பிறகு அடியில் களிமண் போல ஒன்று குழாயில் ஏறாமல் கிடந்தது. டிரைவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அடியில கெட்டியாயிடுச்சும்மா. பல வருஷமா எடுக்கல. தம்பி உள்ள இறங்கி வாளியில வழிச்சுப் போட்டுடுவான். தனியா ஆயிரம் குடுத்துடுங்க."

அந்தத் தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். சட்டையைக் கழற்றத் தொடங்கிவிட்டான்.

நான் வேண்டாம் என்றேன். "ஒண்ணும் ஆகாதும்மா, தண்ணிதான் போயிடுச்சே" என்றார் டிரைவர். தண்ணீர் போன பிறகுதான் ஆபத்து அதிகம். அடிச்சேற்றைக் கிளறக் கிளற அதற்குள் அடைந்திருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு வெளியே வரும். முதலில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, வாடை போய்விட்டது என்று நினைக்கிறபோதே ஆள் மயங்கி விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிற அடுத்தவரும் விழுவார். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்தே வருகிற சாவுகளுக்கு இதுதான் காரணம். 2013-ல் வந்த சட்டம் இப்படிப் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரிக்காரர் மட்டுமில்லை, வேலைக்கு அமர்த்துகிற வீட்டுக்காரரும் இதில் வருவார். ஆனால் அந்த நேரத்தில் எனக்குச் சட்டம் நினைவில் இல்லை. அந்தப் பையன் கழற்றி மடித்து வைத்த சட்டைதான் கண்ணில் நின்றது.

இறங்க விடமாட்டேன் என்று தீர்மானமாகச் சொன்னதும் டிரைவர் முனகிக்கொண்டே வேறு வழிக்கு வந்தார். அப்படி ஒரு வழி அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, நேரம் பிடிக்கும் என்பதால் செய்வதில்லை, அவ்வளவுதான். லாரியில் இருந்த தண்ணீரையே பம்பைத் திருப்பி வேகமாக உள்ளே பீய்ச்சி, மேலே நின்றபடி நீளச் சவுக்குக் கம்பால் கலக்கி, கரைந்ததை மறுபடி உறிஞ்சினார்கள். இப்படி மூன்று தடவை. ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஆனது. கேட்ட ஆயிரத்தைக் கொடுத்தேன். அந்தப் பையன் இறங்காமலிருக்க எவ்வளவு கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் இடம் இருக்கும்மா" என்றார். அந்தப் பதில் இன்றுவரை உறுத்துகிறது. மறுநாள் நகராட்சியில் விசாரித்தபோதுதான் உரிமம் வாங்கிய லாரிகளைத்தான் கூப்பிட வேண்டும், 14420 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள் என்று தெரிந்தது. தமிழ்நாட்டில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. எங்களுக்குத் தெற்கே மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017-லேயே ஒன்று வந்துவிட்டது. அங்கே போக வேண்டியது ஏரிக்கரைக்கும் வயலுக்கும் போனால், நம் வீட்டுக் கழிவு அடுத்தவர் குடிநீரில் கலக்கிறது. அதற்கப்புறம் லாரியைக் கூப்பிடும்போதெல்லாம் உரிமத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகுதான் வரச் சொல்கிறேன்.

சரி, முடிந்தது என்று திருச்சிக்குத் திரும்பினேன். நான்காம் நாள் மறுபடி போன். டேங்க் நிரம்பிவிட்டது.

இந்தத் தடவை பழைய ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அந்தப் பக்கத்தில் முப்பது வருடமாக உறை இறக்குகிற பெரியவர். டேங்க் தண்ணீரை மண்ணில் இறக்குகிற குழியான சோக் பிட்டின் மூடியைத் திறந்து பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. செப்டிக் டேங்க் கழிவைக் காணாமல் போக்கிவிடாது. கனமானது அடியில் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கும், நடுவில் இருக்கிற தண்ணீர் மட்டும் கடைசி அறையில் இருக்கிற T வடிவ 'டீ' பைப் வழியாக சோக் பிட்டுக்குப் போய் மண்ணில் இறங்கும். எங்கள் டேங்கில் அந்த 'டீ' எப்போதோ உடைந்து விழுந்திருக்கிறது. அதனால் ஏடும் சேறும் நேராக சோக் பிட்டுக்குப் போய், உறையின் ஓட்டைகளையும் சுற்றியிருந்த ஜல்லியையும் மெழுகு போல அடைத்துவிட்டன. அதோடு ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கிறது. தண்ணீர் இறங்க இடமில்லை, வெளித்தண்ணீர்தான் உள்ளே வருகிறது. "இப்ப எத்தன லோடு எடுத்தாலும் மழைத் தண்ணியத்தான் காசு குடுத்து எடுக்கறீங்க. தை மாசம் வரைக்கும் சமாளிங்கம்மா, அப்புறம் பண்ணுவோம்" என்றார். அந்த ஒரு வார்த்தையால் எனக்கு நாலைந்து லோடு பணம் மிச்சம்.

தை வரை சமாளிப்பது சுலபமாக இல்லை. இன்னும் ஒரு லோடு மட்டும் எடுத்துவிட்டு, துணி துவைக்கிற தண்ணீரையும் சமையலறைத் தண்ணீரையும் டேங்குக்குப் போகாமல் தனிக் குழாய் போட்டுத் தோட்டத்து வாழைக்குத் திருப்பினோம். உண்மையில் அது ஆரம்பத்திலிருந்தே அங்கேதான் போயிருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் வேகமாக வந்து விழ விழ, படிய வேண்டியது படியாமல் கலங்கி வெளியேறும்.

அந்த ஒரு மாதத்தில்தான் குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து பேசினேன். மாடியில் மூன்று பேர் என்று வாடகைக்கு விட்டது. இப்போது எட்டு பேர். எல்லோரும் தென்காசிப் பக்கத்துப் பையன்கள், மறைமலை நகரில் ஷிப்ட் வேலை. தரகர் என்னிடம், "ஆள் கூடினதுதான் காரணம், செலவ அவங்க தலையில போடுங்க. வடிகால் சுத்தம் பண்றது குடியிருக்கறவங்க வேலைன்னு சட்டத்துலயே இருக்கு" என்றார். 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். ஆனால் சாக்கடை அடைப்பை எடுப்பதும் டேங்கைப் பார்த்துக்கொள்வதும் ஒன்றில்லை. மூடி எங்கே என்றே தெரியாத ஒரு டேங்குக்கு அந்தப் பையன்கள் எப்படிப் பொறுப்பாவார்கள்? நாளைக்கு அவர்கள் காலி செய்துவிட்டுப் போவார்கள், டேங்க் என்னுடையதாகவே இருக்கும். செலவு முழுவதும் என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

ஆள் எண்ணிக்கையை மட்டும் மறைக்காமல் சொல்லச் சொன்னேன், ஏனென்றால் கணக்கு அதில்தான் இருக்கிறது. ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 75 லிட்டர் சேறு தங்கும். எங்கள் டேங்க் ஏழடி நீளம், மூன்றரை அடி அகலம், நாலரை அடி தண்ணீர் ஆழம். சுமார் 3,100 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு சேறு சேர்ந்தால் எடுத்துவிட வேண்டும், அதாவது ஆயிரம் லிட்டர். ஐந்து பேர் இருந்தால் அது சேர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். கீழே நாலு, மேலே எட்டு என்று பன்னிரண்டு பேர் இருந்தால் வருடத்துக்கு 900 லிட்டர். ஆக, வருடத்துக்கு ஒரு தடவை. அப்பா, அம்மா, நாங்கள் என்று ஐந்து பேர் இருந்த காலத்துப் பழக்கத்தை வைத்துக்கொண்டு வாடகை வீட்டை நடத்த முடியாது.

அப்புறம் கீழ்வீட்டுப் பெண்ணிடம் நாப்கினையும் குழந்தையின் டயப்பரையும் பற்றிப் பேசினேன். அவர் தயங்கித் தயங்கி, குப்பை வண்டிக்காரரிடம் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்றார். எனக்கு அது புரிந்தது. மூடியுள்ள தனிக் கூடை ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தால் போதும் என்றேன். கழிப்பறைக்கு ஆசிட் ஊற்றுவதையும் நிறுத்தச் சொன்னேன். உள்ளே கழிவை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் செத்தால் சேறு இன்னும் சீக்கிரம் சேரும். பாக்கெட்டில் விற்கிற பாக்டீரியா பவுடரைப் பற்றியும் கேட்டார்கள். வேண்டியதில்லை, கழிவிலேயே அது வேண்டிய அளவு இருக்கிறது.

பிப்ரவரியில் வேலை ஆரம்பித்தது. புதிய 'டீ' பைப். வாசல் பக்கம் புதிதாக உறை இறக்கி, சுற்றிலும் ஜல்லி. குடிநீர்க் கிணற்றுக்கும் சோக் பிட்டுக்கும் 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2470. எங்கள் மனையில் பின்பக்க போர்வெல்லுக்கும் வாசலுக்கும் நடுவில் 45 அடிதான் வந்தது, அது 14 மீட்டருக்கும் குறைவு. அதனால் போர்த் தண்ணீரை யாரும் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்று மோட்டார் சுவிட்சுக்கு மேலேயே எழுதி ஒட்டினேன். காற்றுப் பைப்பை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றி, அதன் வாயில் நைலான் வலை கட்டினோம். கொசு ஒழிப்புக்கு வருகிறவர்கள் சொன்னது அது. வலை கட்டிய பிறகு ராத்திரியில் கொசு நன்றாகக் குறைந்துவிட்டது என்று மாடிப் பையன்களே சொன்னார்கள். டைல்ஸை மறுபடி போட்டோம், ஆனால் இரண்டு அறைகளுக்கு மேலும் இரும்பு வளையத்தோடு கைப்பிடி வைத்த மூடி, தரை மட்டத்தில், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. குழந்தைகள் தூக்கிவிடாதபடி கனமானது. எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் ஆனது.

டேங்கை ஒரேயடியாகத் துடைத்து எடுக்கக் கூடாது, அடியில் ஒரு அங்குலமாவது பழைய சேறு இருந்தால்தான் மட்குவது மறுபடி சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் பெரியவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பளிச்சென்று வழித்துத் தருவதற்காக யாரும் உள்ளே இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

அதற்குப் பிறகு மாசியில் ஒரு தடவை போய் வருவதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். மழைத் தண்ணீர் நன்றாக வடிந்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. நீளக் கம்பின் நுனியில் வெள்ளைத் துண்டைச் சுற்றி, மூடிக்குப் பக்கவாட்டில் நின்று மெதுவாக அடிவரை இறக்கி எடுத்தால், கறுப்பாகச் சேறு ஏறியிருக்கிற உயரம் துண்டில் தெரியும். 2024-ல் ஒன்றரை அடி இருந்தது. உரிமம் உள்ள லாரி வந்தது. சேறு இளகியே இருந்ததால் குழாயைப் போட்டு நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். யாரும் சட்டையைக் கழற்றவில்லை.

அப்பா வீட்டு வேலை எது செய்தாலும் ஈபி மீட்டர் பெட்டியின் உள்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதி வைப்பார். அதில் "மோட்டார் மாற்றியது", "வெள்ளையடித்தது" எல்லாம் இருந்தன. டேங்க் மட்டும் இல்லை. இப்போது அவருடைய கையெழுத்துக்குக் கீழே மாடிப் பையன்களில் ஒருவன் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறான்: டேங்க் எடுத்தது, 2022 நவம்பர், 2024 மார்ச், 2025 மார்ச். பக்கத்தில் லாரிக்காரர் நம்பர். அதற்கும் கீழே, மூடி இருக்கிற இடத்துக்கு ஒரு அம்புக்குறி.