ஸ்க்ரைப் கிடைச்சா மட்டும் போதுமா?

பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதப் போற பசங்க பட்டியல்) ரெடி பண்ற நேரம் வந்தா போதும், ஸ்டாஃப் ரூம்ல இந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். "மிஸ் இவனுக்கு டிஸ்லெக்ஸியா இருக்கும் போல, ஸ்க்ரைப் போட்டுடலாமா"ன்னு. டிஸ்லெக்ஸியான்னா புத்தி நல்லா இருந்தும் படிக்க, எழுதத் தடுமாற வைக்கிற கற்றல் குறைபாடு; ஸ்க்ரைப்னா பரீட்சையில பையன் சொல்லச் சொல்ல எழுதித் தர்ற ஆள். எட்டாவதுலேயே தெரிஞ்ச விஷயம்தான். அப்பவெல்லாம் சோம்பேறி, கவனம் இல்லாதவன்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல சர்டிபிகேட்டுக்கு ஜிஹெச் (அரசு ஆஸ்பத்திரி), யுடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை)ன்னு அம்மாவும் புள்ளையும் லீவு போட்டு அலையணும்.

சட்டத்துல இதுக்கு இடம் இருக்கு. 1995ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கற்றல் குறைபாடு லிஸ்ட்லயே கிடையாது, 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைல ஒண்ணா சேர்த்தாங்க. எக்ஸ்ட்ரா டைம், ஸ்க்ரைப், மொழிப்பாட விலக்கு எல்லாம் அதுலயே எழுதியிருக்கு. அதைப் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் சொல்ல வந்தது வேற.

சொல்லி எழுத வைக்கிறது தனி வித்தை சார். அதை நாம பசங்களுக்குச் சொல்லித் தர்றதே இல்ல.

இந்தப் பசங்க எழுதுறதைப் பாத்தா புரியும். நம்ம எழுத்துல "கெ"ன்னு எழுத கொம்பை முதல்ல போடணும், ஆனா காதுல கேக்கறது க்-குக்கு அப்புறம்தான் எ. "கொ"ன்னா முன்னாடி கொம்பு பின்னாடி கால். இவங்களுக்கு அதுல ஒண்ணு விட்டுப்போகும், புள்ளி பறந்துடும், ஆனா இதயம் எப்படி வேலை செய்யுதுன்னு வாயால கேட்டா கடகடன்னு சொல்லுவான். அப்ப ஸ்க்ரைப் போட்டா பிரச்சனை தீர்ந்துச்சுன்னு நினைப்போம். ஆனா ஹால்ல உக்காந்தா வேற கதை.

கணக்குல "ஏ பிளஸ் பி ஸ்கொயர்"னு சொல்லுவான். எதுக்கு ஸ்கொயர்? பி-க்கு மட்டுமா, மொத்தத்துக்குமா? ஸ்க்ரைப் சொன்னதைத்தான் எழுதணும், அவங்களா திருத்தக் கூடாது. "பிராக்கெட் போடுங்க, ஏ பிளஸ் பி, பிராக்கெட் மூடுங்க, மேல ரெண்டு"ன்னு சொல்ல வாய் பழகியிருக்கணும். செய்முறை வடிவியலும் கிராஃபும் ஒவ்வொண்ணும் 8 மார்க், பாஸே 35தான், யோசிச்சுப் பாருங்க. காம்பஸ்ல எத்தனை செ.மீ. எடுக்கணும், எந்தப் புள்ளில வைக்கணும், வில் எங்க வெட்டணும்னு ஒவ்வொண்ணா சொல்லணும்னா அவனுக்கு அந்தப் படம் மனசுல ஓடணும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு, பயம். எதிர்ல உக்காந்திருக்கிறது முன்னபின்ன தெரியாத ஒரு டீச்சர். பத்து வருஷமா டீச்சர் சொல்றதை எழுதின புள்ள, திடீர்னு டீச்சரை எழுதச் சொல்லணும். "மிஸ், அதை அடிச்சிட்டு வேற எழுதுங்க"ன்னு கேக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? "எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க"ன்னு? தப்புன்னு தெரிஞ்சும் போகட்டும்னு விட்டுட்டு வந்த பசங்க இருக்காங்க. எக்ஸ்ட்ரா ஒரு மணி நேரமும் அப்படியே சும்மா போயிடும்.

அதனால ஒன்பதாம் வகுப்பு காலாண்டுப் பரீட்சை நேரத்துலயே இந்தப் பயிற்சியை ஆரம்பிச்சுடுங்க. கூடப் படிக்கிற ஃப்ரெண்டை எழுத வைக்காதீங்க, அவன் பாதிய தானே நிரப்பிடுவான், பாசம்தான் என்ன பண்றது. பக்கத்து செக்‌ஷன்ல இவனுக்கு கிளாஸ் எடுக்காத டீச்சரைக் கேளுங்க, தமிழ் மிஸ்னா கணக்குக்கு உக்காரட்டும், அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிட்டான்னா யாருக்கும் சொல்லிடுவான். நடுவுல அந்த டீச்சரை வேணும்னே ஒரு வரி தப்பா எழுதச் சொல்லுங்க, பையன் கண்டுபிடிச்சு மாத்தச் சொல்றானான்னு பாக்கலாம். வட்டார வள மையத்துல இருந்து, இந்த மாதிரி பசங்களுக்குச் சொல்லித் தர்ற சிறப்புப் பயிற்றுநர் வர்ற அன்னைக்கு அவங்களையும் இழுத்துக்கங்க. லஞ்ச் முடிஞ்சு ஒரு அரை மணி நேரம், ஒரே ஒரு 8 மார்க் கேள்வி, அவ்ளோதான்.