கொடுமணலில் ஒரு கல் அறை

நேற்று ராத்திரி வீடு திரும்பியதிலிருந்து கொடுமணலில் பார்த்த பழங்கால ஈமக்குழியின் கல்லில் இருந்த வட்டத் துளைதான் கண்ணுக்குள் நிற்கிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஈரோட்டிலிருந்து சென்னிமலை வரை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே இறங்கினால், கொடுமணல் பக்கம் போகும் டவுன் பஸ் அப்போதுதான் போயிருந்தது. கிடைத்திருந்தால் பெண்களுக்குக் கட்டணமே கிடையாது. எனக்கும் தங்கைக்கும் சேர்த்து அன்றைய மொத்த பட்ஜெட் 1,200 ரூபாய். ஆட்டோக்காரர் போகவர 700 கேட்டார். பேசிப் பேசி 500-க்கு இறக்கினோம். ஊர் ஓரத்தில் நிறுத்திவிட்டு, "காட்டுக்குள்ள வண்டி போவாதுங்க, வெயிட்டிங்குக்கு எரநூறு தனிங்க" என்றார். ஆக, அதே 700! இது அநியாயம். போகிறவர்கள் வெயிட்டிங்கையும் முதலிலேயே பேசிவிடுங்கள். டூவீலர் இருந்தால் இன்னும் நல்லது.

வழிகாட்டும் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தாதான், "குழி பாக்கவா அம்மணி? அந்த வேலாமரத்துக்கு மேக்கால போங்க, முள்ளு பாத்து" என்று கைகாட்டினார்.

முதலில் தெரிந்தது கல்வட்டம், அதாவது ஈமக்குழியைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள். நடுவே பாதி மண் மூடிய கற்பதுக்கை. நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய சின்ன அறை. கிழக்குக் கல்லில் அந்தத் துளை. இடுதுளை என்பார்கள். மண்ணில் உட்கார்ந்து அதன் விளிம்பைத் தடவினேன். வெளிப்பக்கம் வழவழப்பு, உள்பக்கம் உளி கொத்திய சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர், தன் வீட்டில் செத்துப்போனவருக்காகக் கருங்கல்லைக் குடைந்திருக்கிறார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எலும்புகளைச் சேர்த்தெடுத்து, பானை, இரும்புக் கருவி, மணிகளோடு உள்ளே வைத்திருக்கிறார்கள். 1985-இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டத் தொடங்கிய ஊர் இது. ஒரே ஈமக்குழியில் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த 2,220 மணிகள் கிடைத்தன! அந்தக் கல் நம் பக்கம் கிடைப்பதில்லை. குஜராத் பக்கத்திலிருந்து வர வேண்டும். தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள், இரும்பு உருக்கிய உலைகள் எல்லாம் இந்த நொய்யல் கரையில்தான். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்வது இந்த ஊரைத்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சேரரின் மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி இதை ஒட்டித்தான் போயிருக்கிறது.

ஆனால் பக்கத்து வட்டத்தில் பாதிக் கற்களைக் காணோம். ஒரு குழிக்குள் பீர் பாட்டில் சில்லுகள். பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தோம். அந்த இடத்தில் குடிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ. நொய்யலை எட்டிப் பார்த்தோம். நுரையும் சாயப்பட்டறை வாடையும். திரும்பிவிட்டோம்.

சென்னிமலையில் ஒரு சின்ன மெஸ்ஸில் அரிசிம்பருப்புச் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள கத்திரிக்காய்ப் பொரியல். 60 ரூபாய்தான். கேட்காமலே இரண்டாம் தடவையும் போட்டார் அந்த அக்கா. ஆட்டோக் கோபம் அங்கேதான் இறங்கியது.

துளை கிழக்கு பார்த்திருப்பதால், விடிகாலை வெயில் அதற்குள் விழுமா என்று தங்கை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த ஞாயிறு மாமாவின் டூவீலரைக் கேட்டிருக்கிறோம். ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம்.