காப்பில்லேரியா ஹெபாடிகா: முட்டை வெளியே வரும் வழியைப் பிடியுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து பிரிட்டோரியா அருகிலுள்ள ஒண்டர்ஸ்டபூர்ட்டுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வரும் நம் பிள்ளைகளை ஒட்டுண்ணியியலில் முதலில் மிரட்டுபவை பெயர்கள்தான். எலியின் கல்லீரலில் வாழும் காப்பில்லேரியா ஹெபாடிகா என்ற புழுவையே பாருங்கள். 1893இல் ஆய்வாளர் பான்கிராஃப்ட் வைத்த பெயர் வேறு. 1982இல் மொராவெக் அதைக் கலோடியம் பேரினத்துக்கு மாற்றினார். விடைத்தாளில் கலோடியம் ஹெபாடிகம் என்று எழுதி, பழைய பெயரையும் அருகில் குறித்தால் போதும்.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம், முட்டை வெளியே வரும் வழி. குடல்புழுக்களைப் படித்துப் பழகிய கை 'மலத்தில் முட்டை வெளியேறும்' என்று தானாக எழுதிவிடும். இங்கே அது செல்லாது. எலியின் கல்லீரல் திசுவுக்குள்ளேயே பெண்புழு முட்டையிட்டு மடிகிறது; முட்டைகள் அங்கேயே சிறைப்பட்டுக் கிடக்கின்றன. எலி செத்து அழுக வேண்டும். இல்லையேல் பூனையோ நாயோ அதைத் தின்று முட்டைகளைக் கழிக்க வேண்டும். அப்போதும் அவை தொற்றும் நிலையில் இல்லை. ஈரமும் காற்றும் உள்ள மண்ணில் சில வாரங்கள் கிடந்தால்தான் உள்ளே இளம்புழு உருவாகும். அதை விழுங்கினால் குடலில் பொரிந்து, குடல்சுவரைத் துளைத்து, குடலின் ரத்தத்தைக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை வழியே அங்கே போய்ச் சேரும். இந்தச் சுற்றை நான் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஆயாவுக்கு, அதாவது என் பாட்டிக்கு, தொலைபேசியில் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். "மண்ணைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்காதே என்று அப்போதே சொன்னேனே" என்பார். பேராசிரியர் எதிர்பார்க்கும் தடுப்பு முறையும் ஏறக்குறைய அதுதான்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கண்ணி உண்டு: மனிதரின் மலத்தில் இதன் முட்டை தெரிந்தால் என்ன பொருள்? உடனே நோய் என்று சொல்லிவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட விலங்கின் கல்லீரலைத் தின்றிருந்தால், முட்டை சும்மா கடந்து போகும். உண்மையான தொற்றை உறுதிசெய்யக் கல்லீரல் திசுப் பரிசோதனை வேண்டும். அறிகுறிகளைக் கேட்டால், விடாத காய்ச்சல், வீங்கிய கல்லீரல், ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்களின் மிகுதி ஆகிய மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள்.

செய்முறைத் தேர்வில் சாட்டைப்புழு என்ற குடல்புழுவின் முட்டையைப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பார்கள். இரண்டுக்கும் இரு முனையிலும் அடைப்பு உண்டு. சாட்டைப்புழுவில் அது துருத்தி நிற்கும்; இதில் ஓட்டுக்குள் அடங்கியிருக்கும். பிறகு நுண்ணோக்கியின் நுண்திருகை மிக மெதுவாகத் திருப்புங்கள். தடித்த ஓட்டில் குறுக்காக ஓடும் மெல்லிய வரிகள் தெரிந்தால், தயங்காமல் கலோடியம் என்று எழுதுங்கள்.