சுட்ட மண்ணுல ரெண்டு முகம்

இத்தாலிச் சிற்பி மரினோ மரினி 1929ல செஞ்ச 'போப்போலோ'வ (மக்கள்னு அர்த்தம்) நெட்ல பாத்ததுல இருந்து மனசு அங்கயேதான் கெடக்கு. ஒரு ஆம்பள, ஒரு பொம்பள, பக்கத்துல பக்கத்துல, மார்பளவு சுடுமண் சிற்பம். நாட்டுப்புறத்து ஆளுங்க, மண்ணு சொரசொரன்னு அப்படியே தெரியுது, பெருமையாவும் காட்டல பரிதாபமாவும் காட்டல, சும்மா நம்மளப் பாத்துக்கிட்டு இருக்காங்க. முசோலினி ஆட்சில வீரத்தக் காட்டுற பெரிய பெரிய சிலைங்களுக்கு மவுசு இருந்த நேரத்துல இப்படி ஒண்ணு செஞ்சிருக்காரு.

மரினி பிறந்தது 1901ல, டஸ்கனில இருக்குற பிஸ்டோயால. ரோமானியருக்கு முந்தி எட்ரூஸ்கன் மக்கள் வாழ்ந்த சீமை அது, அவங்க 2500 வருசத்துக்கு முன்னாடியே புருசன் பொஞ்சாதி சாஞ்சு உக்காந்திருக்குற மாதிரி சவப்பெட்டிய சுடுமண்ணுல செஞ்சவங்க, ரோம் வில்லா ஜூலியா மியூசியத்துல இன்னமும் இருக்கு. 1916ல வேயிங்கிற பழைய எட்ரூஸ்கன் ஊருல சுடுமண் அப்போலோ சிலை கெடச்சதும் அந்தத் தலைமுறை சிற்பிகள ரொம்பவே உலுக்கிருச்சு.

மரினிக்கு மூத்த இத்தாலிச் சிற்பி அர்த்தூரோ மார்த்தினி. 1931ல ரோம்ல நடந்த குவாத்ரியென்னாலேங்கிற கலைக் கண்காட்சில சிற்பத்துக்கான பரிசு இவருக்குத்தான். எனக்கு இவரு மேல தனிப் பிரியம், ஏன்னா 1930 வாக்குல வாதோ லிகூரேங்கிற ஊருல சூடு தாங்குற தீச்செங்கல் சுடுற தொழிற்சாலைக்குப் போயி, ஆளுயர உருவங்கள அந்தப் பெரிய சூளைக்குள்ளயே நின்னு வனைஞ்சிருக்காரு. பச்ச மண்ண அவ்வளவு பெருசா வனைஞ்சிட்டு நகத்துனா விரிசல் விட்டுரும்ல.

இது அய்யனாருக்கு மண்குதிரை செய்யுற எங்க பக்கத்து வேளாருங்களுக்குச் சொன்னா உடனே புரியும். ராமநாதபுரத்துக் கண்மாய் களிமண்ணுல மணலும் உமியும் சேத்து மிதிச்சு, குதிரைய காலுல இருந்து தொடங்கி, உள்ளுக்குள்ள கூடு மாதிரி வெத்தா விட்டு, கொஞ்சம் கொஞ்சமா காயவிட்டு ஏத்துவாங்க. உள்ள வெத்தா விடாம கெட்டியா வச்சா ஈரம் வெளிய போக வழியில்லாம சூளைல வெடிச்சுரும். கடலோரக் காத்துல மழைக்காலம்னா காயவே காயாது.

வெண்கலம்னா அச்செடுத்து, வார்ப்படக்காரங்க கைக்குப் போயி, அப்புறம் அராவி வரும். சுடுமண்ணுல சிற்பியோட விரல் அழுத்துன எடம் அப்படியே வெந்து நிக்குது. முகத்துக்கு இதவிட வேற என்ன வேணும்? மரினி பின்னாடி வெண்கலக் குதிரைங்களுக்காகத்தான் உலகப் பேரு வாங்குனாரு, ஆனா என் மனசுக்கு போப்போலோதான் பெருசு.

மார்த்தினி 1945ல சிற்பம் ஒரு செத்த மொழின்னே எழுதிட்டாரு, 1947ல இறந்தும் போயிட்டாரு. அவரு மேல எவ்வளவு மரியாத இருந்தாலும் அந்த ஒண்ண மட்டும் என்னால ஏத்துக்க முடியல, அய்யனாருக்கு இன்னமும் புரவி எடுக்குற சீமைல இருக்கேன் நான்.