ஆத்தங்குடிப் பூவும் ஒன்பதரை மில்லிமீட்டரும்

நேற்று ராத்திரி பூ வட்டமாக விழுந்துவிட்டது! மூன்று வாரமாக முட்டை முட்டையாக வந்துகொண்டிருந்த அதே பூ.

பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டு இரண்டாம் கட்டில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைத்தான் வரைகிறேன். எட்டு அங்குலக் கல். நடுவே மூன்று அங்குலத்துக்கு எட்டிதழ்ப் பூ, மூலைக்கு ஒரு கால் பூ. நாலு கல் சேரும் இடத்தில் அந்தக் கால் பூக்கள் கூடி முழுப் பூவாகும். டிரேசிங் தாளை விரித்துப் பென்சிலில் எடுத்து வந்தேன். தாளை டேப்லெட் மேல், அதாவது லேப்டாப்போடு இணைக்கும் வரைபலகை மேல் ஒட்டி, கோட்டின் மேலேயே அதன் பேனாவை ஓட்டினால் லேப்டாப்பில் கிரிட்டா என்ற வரையும் மென்பொருளில் விழும்.

டேப்லெட் வாங்க ஐயாயிரத்துக்கு மேல் போவதில்லை என்று முதலிலேயே முடிவு. திரை உள்ளவை அப்போதே கழிந்தன. பேனாவுக்கு பேட்டரி, சார்ஜ் எதுவும் கூடாது என்பதில் மட்டும் உறுதியாக இருந்தேன். பேனாவின் அழுத்தத்தை உணரும் படிகள் 8192 என்று பெட்டியில் பெரிதாகப் போடுகிறார்கள். சித்தப்பா மகனிடம் அது இருக்கிறது, ஒரு வாரம் வைத்து வரைந்தேன். 2048க்கும் அதற்கும் என் கைக்கு வித்தியாசமே தெரியவில்லை. 2048 உள்ளதையே வாங்கினேன். வரையும் பரப்பு 152க்கு 95 மி.மீ.

வந்த நாளிலிருந்து பூ அகலமாகச் சப்பியது. தாள் நகர்கிறதென்று நாலு மூலையிலும் டேப் ஒட்டினேன். கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துப் பார்த்தேன். கடைசியில் அக்காவின் கண்ணாடி வளையலை டேப்லெட் மேல் வைத்து உள்விளிம்பைச் சுற்றி வந்தேன். அதுவும் முட்டை. கிரிட்டாவின் வட்டக் கருவியில் போட்டால் மட்டும் நல்ல வட்டம். அப்போதுதான் கணக்குப் போடத் தோன்றியது.

என் லேப்டாப் திரை 1366க்கு 768 பிக்சல். டேப்லெட்டின் முழு அகலம் திரையின் முழு அகலத்துக்கும், முழு உயரம் முழு உயரத்துக்கும் இழுபடுகிறது. குறுக்கே ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 9 பிக்சல், நெடுக்கே 8தான். பிறகு பூ எப்படி வட்டமாக வரும்? டேப்லெட்டை லேப்டாப்போடு இணைக்கும் டிரைவர் மென்பொருளில் அகல-உயர விகிதத்தைப் பூட்டும் டிக்கைப் போட்டேன். உயரத்தில் 85.5 மி.மீ. மட்டும் வேலை செய்கிறது, அடியில் ஒன்பதரை மில்லிமீட்டர் சும்மா கிடக்கிறது. போகட்டும். அந்த விளிம்பில் பென்சிலால் கோடு கிழித்து வைத்திருக்கிறேன், தாளை அதற்கு மேலேயே ஒட்டுகிறேன். வளையல் வட்டமாக வந்தது. பூவும் வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இது நம்ம ரெண்டாங்கட்டுப் பூல்ல" என்றாள்.

டிரேசிங் தாள் பேனா முனையை நன்றாகவே தேய்க்கிறது. காரைக்குடியில் கேட்ட கடைகளில் மாற்று முனை இல்லை. சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வரும்போது ரிச்சி தெருவில் பார்த்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

மூலைக் கால் பூ இன்னும் பாக்கி. அதை முடிப்பதற்குள் மனசு ஆத்தங்குடிக்குப் போய்விட்டது. அங்கே கண்ணாடி மேல் இரும்பு அச்சை வைத்து, அறை அறையாக வண்ண சிமெண்ட்டை ஊற்றுகிறார்கள். கோடு எங்காவது திறந்திருந்தால் ஒரு வண்ணம் இன்னொன்றில் ஓடிவிடும். அதனால் ஒவ்வொரு இதழையும் பெரிதாக்கிப் பார்த்து மூடிக்கொண்டிருக்கிறேன். எட்டில் ஐந்து முடிந்தது. ஆறாவதில் நுனியருகே மயிரிழை இடைவெளி ஒன்று தெரிகிறது.