அயிரைக்கு ஏற்ற மணல்: சலித்ததும் கழித்ததும்

புதிய மீன்தொட்டியில் விட்ட அயிரைகள் உடல் முழுவதையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டு, கண்ணையும் மூக்கு நுனியையும் மட்டும் வெளியே நீட்டத் தொடங்கிவிட்டன. அந்த மகிழ்ச்சியில் அடித்தள மணலைத் தேர்ந்தெடுத்த விவரத்தை எழுதிவைக்கிறேன். அயிரையைக் குழம்புச் சட்டியில் மட்டுமே பார்த்துப் பழகிய காரைக்குடி உறவினர்கள் இதற்குச் சொன்னதையெல்லாம் எழுதினால் பதிவு நீண்டுவிடும்.

அயிரையும் கோரிடோரஸ் என்னும் சிறு கெளுத்தி மீனும் வாய் நிறைய மணலை அள்ளி, இரையைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள் வழியாக வெளியேற்றும். கண்ணாடியருகே குனிந்து பார்த்தால், செவுள் மூடியின் ஓரத்திலிருந்து மணல் மெல்லிய இழையாக வழிவது தெரியும். ஆகவே மணலின் பருமனும் முனையுமே முக்கியம்; நிறம் நம் கண்ணுக்காக மட்டுமே. இம்மீன்களின் வாயைச் சுற்றியுள்ள மீசை தேய்வதற்குக் கூர்மையான மணல்தான் முழுக் காரணம் என்று நான் நம்புவதில்லை. பருத்த சரளையின் இடுக்கில் மீனுக்கு எட்டாமல் சிக்கும் தீனி அழுகி, அங்கே பெருகும் பாக்டீரியாவும் மீசையை அரிக்கிறது. 0.5 முதல் 1 மி.மீ. வரையுள்ள, முனை மழுங்கிய மணல் இவ்விரண்டு தொல்லையையும் பெருமளவு குறைக்கிறது.

அந்த மணலைத் தேடிப் பிடிப்பதுதான் இப்பகுதியில் பெரும்பாடு. கட்டுமானப் பொருள் கடைகளில் இன்று எளிதாகக் கிடைப்பவை எம்-சாண்டும் பி-சாண்டும். இரண்டும் பாறையை உடைத்துச் செய்பவை. பூச்சு வேலைக்குரிய பி-சாண்ட் 2.36 மி.மீ. சல்லடையில் இறங்கும் அளவுக்கு நைசாக இருப்பதால் பார்வைக்கு ஏற்றதாகவே தோன்றும். ஆனால் நைசு வேறு, மழுக்கம் வேறு. ‘சுத்தமான ஆத்து மணல்’ என்று ஒரு கடையில் அடித்துச் சொல்லிக் கொடுத்த மூட்டையில் பாதிக்கு மேல் உடைகல் தூள்தான் இருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைத்தால் வேறுபாடு உடனே விளங்கும்: ஆற்று மணலின் மூலைகள் தேய்ந்து, மேற்பரப்பு மங்கலாக இருக்கும், உடைகல்லில் கூரான விளிம்புகளும் தட்டையான சில்லுகளும் பளபளக்கும். கண்ணாடி கையில் இல்லாதவர்கள் ஈர மணலை மணிக்கட்டின் உட்புறத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். நமக்கே சுருக்கென்று குத்தினால் மீனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறைகளில் சலித்த மணலைக் கேட்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். சிமெண்ட் புழங்கும் இடத்து மணலில் அது சிறிதளவு கலந்திருந்தாலும் தண்ணீரின் பி.எச். (காரத்தன்மை) ஏறிவிடும் என்பதால் நான் துணியவில்லை. தொண்டிப் பக்கத்துக் கடற்கரை மணலையும் இதைப்போலவே தள்ளிவைத்தேன். உப்பைக் கழுவிவிடலாம், கிளிஞ்சல் துகளைக் கழுவ முடியாது. சந்தேகமிருந்தால் உலர்ந்த மணலில் வினிகரை ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. கடைசியில், வீட்டைப் பழுதுபார்த்து முடித்த ஒருவரிடம் எஞ்சிக் கிடந்த பழைய ஆற்று மணல் கிடைத்தது. அதற்கும் இந்த இரண்டு சோதனைகளையும் செய்த பிறகே மூட்டை கட்டினேன்.

சலிப்பதில் சோம்பல் கூடாது. முதல் சல்லடை கல்லையும் வேரையும் நிறுத்தும்; இரண்டாவதான மாவுச் சல்லடையில் மேலே தங்குவதுதான் நமக்கு வேண்டியது. கீழே இறங்கும் தூசியைத் தொட்டியில் விட்டால் ஃபில்டரில் தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லர் தேயும். பிறகு அரிசி களைவதுபோல் அரை வாளி அரை வாளியாகக் கலக்கி, மணல் படிந்ததும் கலங்கல் நீரை உடனே சாய்த்துவிட வேண்டும். 90க்கு 45 செ.மீ. அடிப்பரப்பில் 5 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 32 கிலோ உலர்மணல் தேவைப்படும் என்பதால், மோட்டார் தண்ணீர் செலவைப் பற்றி வீட்டில் முன்பே பேசிவைப்பது நல்லது.

முன்புறம் 3 செ.மீ., செடிகளுக்காகப் பின்புறம் 6 செ.மீ. எனச் சரித்திருக்கிறேன். செம்மண்ணை அடியில் பரப்பி மேலே மணல் மூடும் முறை செடிக்கு நல்லதுதான் என்றாலும், அயிரை தோண்டும் தோண்டலில் தண்ணீர் செந்நிறமாகிவிடும். எனவே வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியின் வேருக்கருகே ரூட் டேப் எனும் உர மாத்திரையைப் புதைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். கற்களை மணல் கொட்டுவதற்கு முன்பே கண்ணாடித் தரையில் அமர்த்தியாயிற்று. மணல்மேல் வைத்த கல்லின் அடியில் மீன் பறித்தால் கல் சரிந்து அதன்மேலேயே விழும். இங்கே மலிவாகக் கிடைக்கும் செம்பூராங்கல் அழகாக இருந்தும், அதன் சொரசொரப்புக்காக விட்டுவிட்டேன்.

அனுபியாஸ் என்ற நீர்ச்செடியைக் கட்டவேண்டிய மரக்கட்டை இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. அது மூழ்குவதற்குள் மதுரைக்குப் போய்க் கிரிப்டோகோரைன் செடி வாங்கி வரலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்; காரைக்குடியில் நான் விசாரித்த கடையில் பிளாஸ்டிக் செடிதான் இருக்கிறது.